கயிறு ஏன் உடைவதில்லை? ஆங்கிலத்தில் ஒத்த சொற்களுக்கிடையே தேர்ந்தெடுப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

பானை உடைந்தது, கயிறு அறுந்தது, துணி கிழிந்தது, குச்சி ஒடிந்தது, எலும்பு முறிந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எவரும் இந்த ஐந்து வினைகளை இடம் மாற்றிச் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் உடனே விடை சொல்லவும் தெரியாது. சிறு வயது முதல் கேட்டுக் கேட்டுக் காதில் பதிந்துபோன ஒழுங்கு அது. ஆங்கிலத்திலோ துணி ஒன்றைத் தவிர மற்ற நான்குக்கும் 'பிரேக்' என்ற ஒரே வினை போதும். எனவே ஆங்கிலம் பேசி வளர்ந்து பின்னர் தமிழ் கற்கும் ஒருவர், அகராதியை ஒழுங்காகப் பார்த்துவிட்டே, 'கயிறு உடைந்துவிட்டது' என்று எழுதக்கூடும். அவர் சொல்ல வந்தது நமக்குப் புரிந்துவிடும். ஆனாலும் அந்தச் சொல் அந்த இடத்துக்கு உரியது அன்று என்பதும் உடனே தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் நிற்பது அந்த மனிதரின் இடத்தில்தான். இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு தவறான கருத்துகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. அகராதி ஒரே பொருள் தரும் சொற்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. அவற்றுள் நீளமானதும் அரிதானதும்தான் உயர்ந்த ஆங்கிலம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நம்பி உழைக்கும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. ஏனெனில் அவர்கள் செலவிடும் உழைப்பில் பாதியைச் சரியான திசையில் செலவிட்டாலே போதும்.

வரப்புகள் வேறு வேறு

ஒரே நிலத்தை இருவர் தனித்தனியே வரப்புக் கட்டிப் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலம் ஒன்றுதான், ஆனால் ஒருவர் மூன்று வயலாகப் பிரித்த இடத்தை மற்றவர் ஒரே வயலாக விட்டிருப்பார். மொழிகளும் உலகத்தை இப்படித்தான் பிரிக்கின்றன. ஒரு சொல் எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்ற அளவைப் பொருளெல்லை என்று அழைக்கலாம்.

நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது முன்னது. அவரை விலக்கி நிற்பது பின்னது. ஆங்கிலத்தின் 'வீ' இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இல்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரும் அங்கே 'அங்கிள்' என்ற ஒரே வயலுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இந்த இடங்களில் வரப்பு கூடுதலாக உள்ள மொழி தமிழ்.

நமக்குச் சிக்கல் வருவது இதற்கு நேர்மாறான இடங்களில். 'பார்' என்ற ஒரு வினைக்கு ஆங்கிலத்தில் 'ஸீ', 'லுக்', 'வாட்ச்' என்று மூன்று வயல்கள் இருக்கின்றன. முயற்சி இல்லாமலே கண்ணில் படுவது 'ஸீ'. வேண்டுமென்று பார்வையைத் திருப்புவது 'லுக்'. அசைவோ மாற்றமோ உள்ள ஒன்றைச் சிறிது நேரம் தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. 'கேள்' என்பதும் அப்படியே: ஒலி காதில் விழுவது 'ஹியர்', செவி கொடுத்துக் கேட்பது 'லிஸன்', வினவுவதும் வேண்டுவதும் 'ஆஸ்க்'. மனிதருக்கும் மலைக்கும் 'உயரமான' என்றே நாம் சொல்கிறோம். ஆங்கிலம் மனிதரையும் மரத்தையும் 'டால்' என்றும், மலையையும் விலையையும் 'ஹை' என்றும் பிரித்துச் சொல்கிறது.

இந்த வகையில் மிகவும் ஆபத்தானது என்று நான் கருதுவது 'சந்தேகம்' என்ற சொல். நாம் அதை மூன்று நிலைகளில் பயன்படுத்துகிறோம். பாடத்தில் ஒன்று புரியாதபோது ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கிறோம். ஒரு செய்தியை நம்ப முடியாதபோது 'அது நடக்குமா என்பது சந்தேகம்' என்கிறோம். ஒருவர் தவறு செய்திருப்பார் என்று தோன்றும்போதும் அவர் மீது சந்தேகம் கொள்கிறோம். இந்த மூன்றுக்கும் 'டவுட்' என்ற ஒரே சொல்லை எழுதினால் என்ன ஆகும்? முதல் நிலைக்கு, இந்தியாவில் எழுதப்படும் ஆங்கிலத்தில் 'டவுட்' பழகிவிட்டது. ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் அங்கே வர வேண்டியது 'கொஸ்டின்'. பாடம் நடத்தியவரிடம் சென்று 'டவுட்' இருக்கிறது என்றால், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. இரண்டாம் நிலைக்கு மட்டுமே 'டவுட்' சரியாகப் பொருந்தும். மூன்றாம் நிலைக்கு உரியது 'சஸ்பெக்ட்'.

இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றி எழுதினால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. 'அவர் பணத்தை எடுத்தார் என்று ஐ டவுட்' என்று எழுதினால், அவர் எடுத்திருக்கமாட்டார் என்பது பொருள். அதே இடத்தில் 'ஐ சஸ்பெக்ட்' என்று எழுதினால், அவர்தான் எடுத்திருப்பார் என்பது பொருள். ஒருவரைக் காப்பாற்றும் வாக்கியமும் அவர் மீது குற்றம் சுமத்தும் வாக்கியமும் இங்கே ஒரு சொல்லால் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழ் அகராதியோ இரண்டையும் 'சந்தேகி' என்ற ஒரே வரியில் முடித்துவிடக்கூடும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இது: இருமொழி அகராதி ஒரு சொல்லுக்கு எதிரே மற்றொரு சொல்லை நிறுத்தும்போது, இரண்டு வயல்களும் ஏதோ ஓரிடத்தில் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன என்று மட்டுமே சொல்கிறது. இரண்டும் ஒரே அளவு என்று அது சொல்லவில்லை.

சொல்லின் கூட்டாளிகள்

பொருளெல்லை சரியாக இருந்தும் சொல் தவறாகலாம். மழை பலமாகப் பெய்தது, காற்று பலமாக வீசியது என்று நாம் இரண்டுக்கும் ஒரே அடையைத் தருகிறோம். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. மழைக்கு உண்மையிலேயே எடை உண்டு, காற்றுக்கு இல்லை என்றெல்லாம் காரணம் தேடிப் பயனில்லை. போக்குவரத்து நெரிசலும் அங்கே 'ஹெவி'தான். முடிவு எடுக்கிறோம் என்று நாம் சொல்வதை அவர்கள் 'மேக்' என்ற வினையால் சொல்கிறார்கள். தவறு செய்வதற்கும் 'மேக்', வீட்டுப்பாடம் செய்வதற்கு 'டூ', குற்றம் செய்வதற்கு 'கமிட்'. தமிழில் 'செய்' ஒன்றே இந்த மூன்றையும் தாங்கிக்கொள்கிறது.

ஒரு சொல் வழக்கமாக எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறதோ அந்தச் சேர்க்கையைச் சொல்லிணைவு என்போம். மொழியியலார் 'கொலொகேஷன்' என்கிறார்கள். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியலாம் என்ற கருத்தை 1957-இல் எழுதியவர் பிரிட்டிஷ் மொழியியலார் ஜே. ஆர். ஃபிர்த். கயிறும் 'அறு' என்ற வினையும் தமிழில் கூட்டாளிகள். பானையும் 'உடை' என்ற வினையும் கூட்டாளிகள். கற்பவருக்கு இதில் விதி கிடையாது, பழக்கம் மட்டுமே உண்டு. ஆகவே புதுச் சொல் ஒன்றைத் தனியாக எழுதி மனப்பாடம் செய்வதைவிட, அதன் கூட்டாளியோடு சேர்த்து ஒரே துண்டாக எழுதிவைப்பது பல மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

கூட்டாளிகளைக் கூர்ந்து பார்த்தால், அகராதி சொல்லாத செய்தி ஒன்றும் வெளிப்படும். 'காஸ்' என்ற ஆங்கில வினைக்கு 'ஏற்படுத்து' என்று நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் உண்மையான எழுத்துகளைத் திரட்டிப் பார்த்த மொழியியலார், அந்த வினைக்குப் பின் பெரும்பாலும் வருவன சிக்கல், சேதம், மரணம், கவலை போன்ற தீமைகளே என்று கண்டார்கள். ஒரு நிகழ்வு மகிழ்ச்சியை ஏற்படுத்தியது என்று எழுத 'காஸ்' என்ற வினையைப் பயன்படுத்தினால் இலக்கணம் பிழையாகாது. படிப்பவரின் மனத்தில் மட்டும் ஏதோ நெருடும். அங்கே 'பிரிங்' இயல்பாக அமரும்.

யாரிடம், எந்த இடத்தில்

ஈ, தா, கொடு என்ற மூன்றும் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கான சொற்கள். கேட்பவர் தாழ்ந்தவரானால் 'ஈ' என்றும், ஒத்தவரானால் 'தா' என்றும், உயர்ந்தவரானால் 'கொடு' என்றும் சொல்வார் என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் வகுத்திருக்கிறது. பொருள் ஒன்றாக இருந்தும் பேசுவோருக்கிடையே உள்ள உறவால் சொல் மாறலாம் என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதன்று. சொல்லுக்கும் சூழலுக்கும் உள்ள இந்தப் பொருத்தத்தை நடைநிலை என்று அழைப்போம்.

ஆங்கிலத்தில் நடைநிலை வேறுபாடுகள் மிகுதியாக இருப்பதற்கு வரலாறு ஒரு காரணம். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை வென்றார்கள். அதன் பின் நெடுங்காலம் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் இயங்கின. மக்கள் வீட்டில் பழைய ஆங்கிலத்தைப் பேசினார்கள். 1362-இல்தான் நீதிமன்றத்தில் வழக்குரைப்பது ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பின்னர், குறிப்பாக 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், கல்வியாளர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். இதனால் பல கருத்துகளுக்கு மூன்று அடுக்குச் சொற்கள் அமைந்துவிட்டன. கேட்பதற்கு வீட்டுச் சொல் 'ஆஸ்க்'. பிரெஞ்சு வழி வந்தது 'கொஸ்டின்'. லத்தீனிலிருந்து எடுத்தது 'இன்டராகேட்'. அரசருக்குரியது என்பதற்கு 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என்ற மூன்றும் அதே வரிசையில் நிற்கின்றன.

வழி கேட்கும் ஒருவர் செய்வது 'ஆஸ்க்'. சான்று சொல்ல வந்தவரை வழக்குரைஞர் 'கொஸ்டின்' செய்கிறார். பிடிபட்டவரைக் காவலர் 'இன்டராகேட்' செய்கிறார். மூன்றையும் 'கேள்' என்று மொழிபெயர்த்துவிடலாம்; ஆனால் நண்பரிடம் நலம் விசாரித்ததை மூன்றாவது சொல்லால் எழுதினால், அவரை ஓர் அறையில் அடைத்து வைத்து விசாரித்தது போலாகிவிடும்.

இங்கே தமிழருக்கென்றே ஒரு தடுமாற்றம் நேர வழியுண்டு. 'சந்தோஷம்' நாம் பேச்சில் இயல்பாகச் சொல்லும் சொல். 'மகிழ்ச்சி' என்று எழுத்தில் எழுதுகிறோம். 'ஆரம்பம்', 'தொடக்கம்' என்ற இணையும் பெரும்பாலும் அப்படியே. அதாவது இன்றைய தமிழில் பல இடங்களில் வெளியிலிருந்து வந்த சொல் பேச்சுக்கும், மொழியின் சொந்தச் சொல் எழுத்துக்கும் என்று அமைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் நேர்மாறு. சொந்தச் சொல்லான 'பிகின்' எளிமையானது. பிரெஞ்சு வழி வந்த 'கமென்ஸ்' சட்ட ஆவணத்துக்கும் விழா அழைப்புக்கும் உரிய விறைப்புடையது. இயந்திரத்தை இயக்குவதற்கோ இரண்டும் பொருந்தா. அங்கே 'ஸ்டார்ட்' மட்டுமே.

கடிதங்களில் அடிக்கடி வரும் மற்றொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்பது தமிழில் பணிவான முடிவு. அதை 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று எழுதினால், பதில் தருவது உம் கடமை என்று மேலதிகாரி ஒருவர் சொல்வது போல் ஒலிக்கும். அந்தப் பணிவை ஆங்கிலத்தில் தாங்குவது 'லுக் ஃபார்வர்ட் டு' என்ற தொடர்.

ஒத்த சொற்களில் நீளமானதைத் தேடுவது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும். நீளமான சொல் பெரும்பாலும் வேறோர் அவைக்குரிய சொல்.

புகழ்ச்சியும் இகழ்ச்சியும்

ஒரு சொல் குறிக்கும் பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் விருப்பு வெறுப்பைச் சாயல் எனலாம். சிக்கனம், கஞ்சத்தனம் என்ற இரண்டும் குறைவாகச் செலவு செய்வதைத்தான் குறிக்கின்றன. ஒன்று பாராட்டு, மற்றது பழி. ஆங்கிலத்தில் ஒல்லியானவரைப் பாராட்டாக 'ஸ்லிம்' என்றும், சாயலின்றி 'தின்' என்றும், சற்று இகழ்ச்சியாக 'ஸ்கின்னி' என்றும் சொல்வார்கள். குழந்தையின் கள்ளமின்மை 'சைல்ட்லைக்'. வளர்ந்தவரின் பக்குவமின்மை 'சைல்டிஷ்'. 'ஃபேமஸ்' என்றால் புகழ் பெற்றவர், 'நொட்டோரியஸ்' என்றால் தீமைக்குப் பேர்போனவர். நல்ல பயிற்சி அகராதி இந்தச் சாயலைக் குறித்திருக்கும் என்பதால் இது கற்பதற்கு எளிது.

சொல் வேறு, கலைச்சொல் வேறு

இதுவரை பார்த்தவற்றில் சரி, தவறு என்பதைவிடப் பொருத்தம் என்பதே கூடுதலாகப் பேசப்பட்டது. கலைச்சொல்லில் நிலைமை வேறு. ஒரு துறையினர் ஒன்றுகூடி, இந்தச் சொல்லுக்கு எங்கள் துறையில் இதுவே பொருள், இதற்கு மேலும் இல்லை, குறைவும் இல்லை என்று வரையறுத்துக்கொண்டது கலைச்சொல். வெளியே அதே சொல் தளர்வாகத் திரியலாம்; துறைக்குள் வந்தால் வரையறைக்கு அடங்கியாக வேண்டும்.

ஒருவர் இலக்குப் பலகையில் ஐந்து அம்புகள் எய்கிறார். ஐந்தும் நெருக்கமாக ஒரே இடத்தில் தைத்திருக்கின்றன. ஆனால் அந்த இடம் நடுப்புள்ளியிலிருந்து தள்ளி இருக்கிறது. அன்றாட ஆங்கிலத்தில் 'அக்யூரேட்', 'பிரிசைஸ்' என்ற இரண்டும் துல்லியம் என்ற ஒரே பொருளில் புழங்குகின்றன. அளவீட்டுத் துறையில் இவர் எய்தது 'பிரிசைஸ்', ஆனால் 'அக்யூரேட்' அன்று. முதலாவது அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்பதையும், இரண்டாவது அவை உண்மையான மதிப்புக்கு அருகில் இருப்பதையும் குறிக்கும். இயற்பியலில் 'ஸ்பீட்' என்பது வேகத்தின் அளவு மட்டும். 'வெலாசிட்டி' என்றால் திசையும் சேர வேண்டும். வட்டப் பாதையில் ஒரே சீராக ஓடும் வண்டியின் 'ஸ்பீட்' மாறுவதில்லை, 'வெலாசிட்டி' நொடிதோறும் மாறுகிறது. மருத்துவத்தில் நோயாளி உணர்ந்து சொல்லும் தலைவலி 'சிம்ப்டம்'. மருத்துவர் அளந்து காணும் உடல் வெப்பம் 'சைன்'.

சட்டத்தில் இது ஒருவரின் தண்டனையையே மாற்றும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில், பிறர் பொருளைத் திரும்பத் தராத நோக்கத்தோடு நேர்மையின்றி எடுப்பது 'தெஃப்ட்'. வன்முறையைப் பயன்படுத்தியோ அச்சுறுத்தியோ திருடுவது 'ராபரி'. திருடும் நோக்கத்தோடு அத்துமீறிக் கட்டடத்துக்குள் நுழைந்தால், எதையும் எடுக்காவிட்டாலும் அது 'பர்க்ளரி'. வீட்டில் ஆள் இல்லாதபோது நகை போய்விட்டால் 'ராபரி' என்று பேச்சில் சொல்பவர்கள் ஆங்கிலேயர்களிலும் உண்டு. வழக்குப் பதிவில் அப்படி எழுத முடியாது.

சுருக்கமாக, பொதுச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது, 'படிப்பவர் காதில் இது எப்படி ஒலிக்கும்' என்பது. கலைச்சொல்லானால், 'இத்துறையின் வரையறை என்ன' என்று கேட்க வேண்டும்.

தேடும் முறை

இதற்கு மூன்று கருவிகள் உண்டு. மூன்றின் வேலையும் வேறு. முதலாவது ஒத்த சொற்களைத் திரட்டித் தரும் 'தெசாரஸ்'. பொருள் அடிப்படையில் சொற்களைத் தொகுத்த நம் நிகண்டுகளுக்கு இது உறவான நூல்வகை. இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852-இல் வெளியிட்டது. ஒத்தவை போல் தோன்றும் சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஆராய்வது தனித்துறை, அதற்குள் நான் புகவில்லை என்று அவரே முன்னுரையில் தெளிவாக எழுதியிருக்கிறார். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் பட்டியலிலிருந்து கண்ணுக்கு அழகான சொல்லைப் பறித்துக்கொள்வதில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. தெசாரஸ் வேட்பாளர்களை நிறுத்தும், தேர்வு செய்யாது.

தேர்வுக்கு உதவுவது, ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்களுக்காக ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் பயிற்சி அகராதி. இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் துணைவர்களுடன் உருவாக்கி 1942-இல் அங்கேயே வெளியானது. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட பயிற்சி அகராதி அதிலிருந்து வளர்ந்ததே. பொருளோடு நிற்காமல் நடைநிலைக் குறிப்பு, சாயல், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் ஆகியவற்றையும் இத்தகைய அகராதி தருகிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தாண்டிச் செல்லாதீர்கள். கூட்டாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மூன்றாவது மொழித்தரவகம், அதாவது மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் பேரளவில் திரட்டித் தேட வசதி செய்த தொகுப்பு. பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் 10 கோடிச் சொற்கள் உள்ளன. தற்கால அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் 100 கோடிக்கும் மேல். இரண்டு சொற்களுக்கிடையே ஐயம் தீராதபோது, இரண்டையும் உங்கள் வாக்கியத்தில் வரவிருக்கும் அடுத்த சொல்லோடு சேர்த்துத் தேடுங்கள். காற்றுக்கு 'ஸ்ட்ராங்' எத்தனை முறை வந்திருக்கிறது, 'ஹெவி' எத்தனை முறை வந்திருக்கிறது என்பதை எண்ணிக்கையே காட்டிவிடும்.

இந்த மூன்றையும் ஒவ்வொரு சொல்லுக்கும் செய்ய வேண்டியதில்லை. வாக்கியத்தின் சுமை எந்தச் சொல்லின் மீது நிற்கிறதோ அதற்குச் செய்தால் போதும். அதோடு ஒரு சிறு சோதனையும் உண்டு: தேர்ந்தெடுத்த ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். 'டவுட்' என்பதன் விளக்கத்தில் 'நம்பாமை' என்று வந்தால், நீங்கள் கேட்க நினைத்தது கேள்வி என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பெயரே தெரியாத பொருள்

சில வேளைகளில் ஒத்த சொற்களே கையில் இருக்காது. பொருள் கண்முன் இருக்கும், பெயர் மட்டும் தெரியாது. அப்போது அந்தப் பொருள் எதன் பகுதியோ, அந்த முழுப்பொருளிலிருந்து தொடங்க வேண்டும். காலணிக் கயிற்றின் நுனியில் நூல் பிரியாதபடி சுற்றியிருக்கும் சிறு குழலுக்குப் பெயர் வேண்டுமானால், காலணியின் உறுப்புகளைப் பெயரிட்டுக் காட்டும் படத்தைத் தேடலாம்; அல்லது விளக்கத்தைக் கொடுத்தால் சொல்லைத் தரும் தலைகீழ் அகராதியில் அந்தக் குழலை நாலைந்து எளிய ஆங்கிலச் சொற்களால் வருணிக்கலாம். துறைசார்ந்த கருத்தானால், அதைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையைத் திறந்து, அங்கிருந்தே ஆங்கிலப் பக்கத்துக்கு மாறினால் பெரும்பாலும் கலைச்சொல் தலைப்பாகவே நிற்கும். அதன் முதல் வாக்கியத்தில் வரையறையையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் குழலின் பெயர் 'ஆக்லெட்'. காலணித் தொழிற்சாலைக்கு எழுதும் கடிதத்தில் அதுவே சரியான சொல். ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடும். ஆனால் அறுந்துபோன கயிற்றைப் பற்றி நண்பருக்கு எழுதும்போது, 'கயிற்று நுனியில் இருக்கும் பிளாஸ்டிக்' என்ற பொருளில் நான்கு எளிய ஆங்கிலச் சொற்களை எழுதுவதே நல்லது. 'ஆக்லெட்' என்றால் என்ன என்று அவர் அகராதியைத் திறக்க வேண்டியிருக்காது.